ஒரு மாத்திரை வித்தியாசம்

வைரத் தோடு வாங்கும் பணத்தில் காதுக்குள் செருகும் இயர்போன் வாங்குகிறவர்கள் இப்போது நம் நாட்டில் இருக்கிறார்கள். தோடு என்றால் நாலு பேர் பார்ப்பார்கள். அவசரத்துக்கு அடகு வைக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். இந்தக் கருவியின் அருமை போட்டுக்கொண்டவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்திலிருப்பவர் காதுக்கு அது பொருந்தும் என்ற நிச்சயம்கூடக் கிடையாது. இருந்தும் லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், அந்தச் சின்னஞ்சிறு குமிழுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

எனக்கு இந்தக் கேள்வி பொழுதுபோக்காக வரவில்லை. பதினெட்டு வருஷமாக டெல்லியில் பத்திரிகை வேலை. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மற்றவர்கள் எடுத்த பேட்டிகளைக் கேட்டுத் தமிழில் எழுதுவது என் பிழைப்பு. நிருபர்கள் நடைபாதையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் லாரியின் நிழலிலும் செல்போனை நீட்டிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். நாளுக்கு நாலைந்து மணி நேரம் முகம் தெரியாத மனிதர்களின் குரல் என் காதுக்குள் இருக்கிறது. தையற்காரருக்குக் கண் எப்படியோ, எனக்குக் காது அப்படி.

போன வருஷம் என் பழைய இயர்போனின் வலது பக்கம் ஓய்ந்துபோனபோது, வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். தஞ்சாவூர்க்காரர். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். "வாங்கறதுக்கு முந்தி மூணு விதத்தைக் கேட்டுப் பாருங்கம்மா. அப்புறம் விலையைப் பத்திப் பேசலாம்" என்றார். ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் குர்காவ்ன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் மகனுடையவை. அடுத்தவர் காதில் இருந்தது நம் காதுக்கு வரக்கூடாது என்பதால் எனக்கென்று புது முனைகள் வாங்கி மாட்டித்தான் கையில் கொடுத்தார். மூன்று வாரம் அவை என் வீட்டில் இருந்தன.

முதலாவது எடிமோட்டிக் கம்பெனியின் ஈஆர்4எஸ்ஆர். இந்த வகைக்கே பாட்டன் என்று சொல்லத்தக்க ஈஆர்4 என்ற இயர்போனின் வாரிசு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் மீட் கில்லியன் என்ற செவித்திறன் விஞ்ஞானி 1983-ல் தொடங்கிய கம்பெனி இது. ஈஆர்4 வெளிவந்தது 1991-ல். சோனியின் வாக்மேன் வந்து அப்போது பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உலகம் பஞ்சு வைத்த ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு அலைந்த காலத்தில், காதுத்துளையை அடைத்துக்கொண்டு உள்ளே போகும் இயர்போன் ஒரு விநோத வஸ்து. அதற்குள் இருக்கும் ஒலிப்பான் காது கேட்கும் கருவிகளுக்காக உருவானது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு அசையும். அந்த அசைவு ஒரு சவ்வைத் தள்ளும். 'பேலன்ஸ்டு ஆர்மெச்சர்' என்று பெயர். செவிப்புலன் குறைந்தவர்களுக்காகப் பிறந்த நுட்பம் ரசிகர்களின் ஆடம்பரமாக மாறிய கதை இது.

இரண்டாவது ஷூர் கம்பெனியின் எஸ்இ846. 2013-ல் வந்தது. அப்போது விலை 999 டாலர். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு ஆர்மெச்சர்கள். அடித்தொனிக்கென்று இருக்கும் ஒலிப்பானின் ஓசையில் மேல்தொனி கலந்துவிடாமல் வடிகட்ட, பத்து எஃகுத் தகடுகளை ஒட்டி, சுமார் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதையை அந்தக் குமிழுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவது சென்ஹைசரின் ஐஈ900. 2021-ல் வந்தது. அப்போது விலை சுமார் 1,300 டாலர். இதில் ஒலிப்பான் ஒன்றே ஒன்று. ஏழு மில்லிமீட்டர் அகலம். சாதாரண ஒலிபெருக்கியைப் போலவே ஒரு சவ்வு முன்னும் பின்னும் அசைந்து வேலை செய்கிறது. அலுமினியத்தைக் குடைந்து செய்த கூட்டுக்குள் நுண்ணிய அறைகளை அமைத்து ஒலியைச் செதுக்கியிருக்கிறார்கள். நான்கு இருப்பதுதான் உசத்தி என்று நினைப்பவர்களுக்கு, ஒன்றே ஒன்றுக்கு அதிக விலை கேட்பது புதிராக இருக்கும்.

நண்பர் முதலிலேயே எச்சரித்தார். "காதுல சரியா உட்கார்றதுக்கு முந்தி சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க." அதில் நியாயம் இருந்தது. இந்த இயர்போன்களின் அடித்தொனி முழுவதும் காற்று கசியாத அடைப்பை நம்பி இருக்கிறது. முனைக்கும் காதுச்சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். மிச்சமிருக்கும் வலந்தலை மட்டும் தகரத்தில் தட்டுவது போலக் கேட்கும். விலை உயர்ந்த கருவி ஒன்றைக் கடையில் போட்டுப் பார்த்து 'சத்தம் மெலிசாக இருக்கிறது' என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலர், உண்மையில் முனையின் அளவைத்தான் நிராகரிக்கிறார்கள்.

என் காதுத்துளை சிறியது. பெண்களுக்குப் பொதுவாகவே அப்படி. பெட்டியில் வரும் முனைகளில் நடுத்தர அளவுதான் மாட்டப்பட்டு வருகிறது. அந்த நடுத்தரம் யாருடைய காதை அளந்து வைத்தது என்று கேட்கத் தோன்றியது. எஸ்இ846-ன் கூடு பெரியது. என் காதுமடலின் கிண்ணத்தில் அது உட்கார்ந்தாலும், ஒரு மணி நேரத்தில் உள்விளிம்பு வலிக்க ஆரம்பித்தது. அதன் வயரைக் காதின் மேல் வளைத்துப் பின்னால் விட வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு கம்பி இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி, இயர்போனை மாட்டி, மறுபடி கண்ணாடியைப் போட்டு, எழுத உட்கார்ந்தால் போன் அடிக்கும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வாழ்க்கையில் சில விஷயங்களைத் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நுரை முனைகள் வேறு ரகம். விரலால் உருட்டி இறுக்கி உள்ளே வைத்தால், அரை நிமிஷத்தில் உப்பித் துளையின் வடிவத்துக்கு வந்துவிடும். வலி குறைவு, அடைப்பு நிச்சயம். ஆனால் மேல்தொனியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். டெல்லியின் மே மாத வியர்வையில் சில வாரங்களில் சுருங்கிப் போகும். புதிது வாங்க வேண்டும். ரப்பர் போன்ற சிலிகோன் முனை கழுவித் துடைத்தால் பல மாதம் வரும்.

எடிமோட்டிக் இவற்றில் எதற்கும் கட்டுப்படாது. மூன்றடுக்குக் குடை போன்ற அதன் முனையைக் காதுமடலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மெதுவாகத் திருகி உள்ளே செலுத்த வேண்டும். எவ்வளவு தூரம் என்றால், 'போதும்' என்று தோன்றும் இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம். முதல் இரண்டு நாள் எனக்கு உடம்பு கூசியது. ஆனால் அந்த ஆழத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. காதுத்துளையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வெளிப்பகுதி குருத்தெலும்பு, உள்பகுதி எலும்பு. வெளிப்பகுதியில் அடைத்தால் நம் குரலும் காலடிச் சத்தமும் மெல்லும் ஓசையும் உள்ளே மாட்டிக்கொண்டு முழங்கும். குளியலறை வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கும். ஆழமாகப் போனால் அந்த முழக்கம் தணிகிறது. வெளிச் சத்தமும் முப்பத்தைந்து டெசிபலுக்கு மேல் குறைவதாகக் கம்பெனி சொல்கிறது. என் அனுபவத்தில், மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தமும் தெருவில் காய்கறிக்காரரின் கூவலும் மறைந்தன. கூடவே வாசல் மணியும் மறைந்தது.

இனி ஒலி. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று ஸ்தாயிகளைச் சொல்வார்கள். இயர்போன் உலகமும் இந்த மூன்றின் சண்டைதான். எந்தக் கம்பெனி எதற்கு இடம் கொடுக்கிறது என்பதே அதன் குணம்.

ஒப்பிடுவதற்கு முன் நண்பர் மூன்றின் சத்த அளவையும் சமப்படுத்தினார். இது அவசியம். இரண்டில் ஒன்று துளி கூடுதலாக ஒலித்தாலும் மனசு அதையே 'தெளிவு' என்று முடிவு கட்டிவிடும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), ஹரிபிரசாத் சௌராசியா குழல் வாசித்த 'நத்திங் பட் விண்ட்' (1988), எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-ல் ஐ.நா. சபையில் பாடிய கச்சேரியின் பதிவு ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஐஈ900-ல் இளையராஜாவின் அடித்தொனிகள் அறையின் தரையைப் போலக் கீழே விரிந்தன. வயலின்கள் அதற்கு வெகு மேலே, விஸ்தாரமாக. சந்தோஷமாக இருந்தது என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. எஸ்இ846 குழலையும் குரலையும் கிட்டத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. மேல்தொனி கொஞ்சம் மங்கல்; ஆனால் மூன்று மணி நேரம் கேட்டாலும் அலுப்பில்லை. ஈஆர்4எஸ்ஆர் எதையும் கூட்டவில்லை. குழலில் காற்று உராயும் ஓசையும், எம்.எஸ். அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பதும், பழைய பதிவின் இரைச்சலும் ஒரே நேர்மையோடு வந்தன. அடித்தொனி இருந்தது, ஆனால் உடம்பில் படவில்லை.

சங்கீதத்துக்கு மட்டும் என்றால் ஐஈ900 ஜெயித்தது என்று சொல்லிக் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அந்த மூன்று வாரத்தின் நடுவில் ஒரு பதிவு வந்து சேர்ந்தது.

கட்டட வேலையில் இறந்துபோன ஒரு பையனின் தகப்பனார் பேசிய பதினேழு நிமிஷம். பீகாரிலிருந்து உடலை வாங்க வந்தவர். நிருபர் அவரை வேலையிடத்தின் வாசலிலேயே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். பக்கத்தில் ஜெனரேட்டர். சாரத்திலிருந்து கால் தவறி விழுந்தான் என்பது மேற்பார்வை செய்தவர்கள் சொல்வது. தகப்பனார் ஊரைப் பற்றி, கடனைப் பற்றி, பையனின் கல்யாணப் பேச்சைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, பதினோராவது நிமிஷத்தில் குரலைத் தாழ்த்தி ஒரு வாக்கியம் சொல்கிறார். "வஹீன் பே மரா, சப்கே சாம்னே." அல்லது, "வஹீன் பே மாரா, சப்கே சாம்னே."

முதலாவது என்றால், 'அங்கேயே செத்தான், எல்லோர் கண்ணெதிரிலும்.' இரண்டாவது என்றால், 'அங்கேயே அடித்தார்கள், எல்லோர் கண்ணெதிரிலும்.' ஒன்று புலம்பல், மற்றது குற்றச்சாட்டு. நடுவே இருப்பது ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள தூரம். தொல்காப்பியக் கணக்கில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். இந்தியிலும் 'மாத்ரா' என்ற சொல் உண்டு. அங்கே அது உயிர்க்குறியைக் குறிக்கும். 'மரா'வை 'மாரா' ஆக்குவது ஒரே ஒரு நெடுங்கோடு. எந்த மொழியில் கணக்குப் போட்டாலும் வித்தியாசம் ஒரு மாத்திரைதான்.

ஐஈ900-ல் கேட்டேன். ஜெனரேட்டர் பிரமாதமாகக் கேட்டது. அதன் உறுமலுக்குள் அந்த எழுத்து முங்கிப் போயிருந்தது. இதற்கு ஒலியியலில் விளக்கம் உண்டு. தாழ்ந்த சுருதியில் வரும் உரத்த ஓசை, தனக்கு மேலே இருக்கும் சுருதிகளையும் காதுக்குள் மறைத்துவிடும். மேலிருப்பது கீழிருப்பதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. ஆகவே மெலிவைச் செழிப்பாகத் தரும் கருவி, இளையராஜாவுக்குச் செய்யும் உபகாரத்தை ஜெனரேட்டருக்கும் செய்கிறது. எஸ்இ846-ல் குரல் கிட்டே வந்தது. ஆனால் 'மரா'வா 'மாரா'வா என்று சத்தியம் பண்ண முடியவில்லை. ஈஆர்4எஸ்ஆரில் ஜெனரேட்டர் வற்றிப்போன ஒரு முனகலாகப் பின்னால் நின்றது. முன்னால் அந்த மனிதரின் குரல். வாய் அகலத் திறந்து, நீட்டிச் சொன்ன 'மா'. பத்துத் தடவை கேட்டேன். பத்துத் தடவையும் நெடில்தான்.

கருவி சொன்னதை வைத்து மட்டும் எழுதிவிட முடியாது. நிருபரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அன்று சாயங்காலமே தகப்பனாரிடம் திரும்பப் போய்க் கேட்டார். 'மாரா' என்றுதான் சொன்னேன் என்றார் அவர். பையன் கூலி பாக்கியைக் கேட்டதற்காக, விழுவதற்கு முதல்நாள் அதே இடத்தில் எல்லோர் முன்னாலும் அவனை அறைந்திருக்கிறார்கள். மகன் அன்றிரவு போனில் சொல்லியிருக்கிறான். கொன்றார்கள் என்று அவர் சொல்லவில்லை. அடித்தார்கள் என்று சொன்னார். கட்டுரையில் அது அப்படியே, அந்த அளவோடு வந்தது. நெடிலைக் காட்டிக் கொடுத்தது இயர்போன். அந்த நெடிலுக்கு அர்த்தம் என்ன என்பதைச் சொல்ல மனிதர்தான் வேண்டியிருந்தது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெரோன் ப்ரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2017-ல், 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒலி எந்தச் சுருதியில் எவ்வளவு வருகிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தம் எதுவும் தெரியவில்லை என்பது அவர் கண்ட முடிவு. இன்று சீனாவிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு வரும் சில இயர்போன்கள் ஆச்சரியப்படுத்துகின்றன. விலை உயர்ந்தவற்றில் கூடுதல் பணம் கூட்டின் வேலைப்பாடு, மாற்றக்கூடிய வயர், உழைப்பு, பெயர் ஆகியவற்றுக்கும் போகிறது. அதில் தவறில்லை. பட்டுப்புடவையிலும் நூலுக்கு மட்டுமா காசு கொடுக்கிறோம்?

விளம்பர எண்களையும் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஐஈ900 ஐந்து ஹெர்ட்ஸிலிருந்து 48,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்கிறார்கள். மனிதக் காதின் எல்லையே இளமையில் 20,000. நாற்பது தாண்டியவர்களில் பலருக்கு 15,000-க்கு மேல் கேட்பது குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் நானும் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். 8,000 ஹெர்ட்ஸில் இடது காது லேசாக இறங்கியிருக்கிறது, வயசுக்கு உரியதுதான் என்றார் பரிசோதித்த பெண். பேச்சுக்குத் தேவையான பகுதி பத்திரமாக இருக்கிறதாம். அவர் என் காதில் செருகிய பரிசோதனைக் குழாயும் எடிமோட்டிக் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. சென்ஹைசரின் இயர்போன் வியாபாரம்கூட 2022-ல் சோனோவா என்ற சுவிஸ் கம்பெனியின் கைக்குப் போனது. அதன் பிரதான தொழில் காது கேட்கும் கருவி. நன்றாகக் கேட்பவர்களின் கருவியும் கேட்காதவர்களின் கருவியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 83-ல் இருபது மணி, 86-ல் பத்து மணி. வெளிச் சத்தத்தை அடைக்காத இயர்போனை மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போட்டுக்கொள்பவர், இரைச்சலுக்கு மேலே கேட்பதற்காகச் சத்தத்தை ஏற்றத்தான் செய்வார். நன்றாக அடைப்பதைப் போட்டவருக்கு ஏற்ற வேண்டிய தேவை இல்லை. பணம் செலவழிக்க உருப்படியான காரணம் ஒன்று உண்டென்றால், என் அபிப்ராயத்தில் இதுதான். அதற்கு லட்சம் வேண்டாம்; சரியான முனை போதும். அதே அடைப்பு தெருவில் ஆபத்து. பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன் கேட்காது. அதனால் நடக்கும்போது எதையும் போடுவதில்லை.

கடைசியில் நான் வாங்கியது ஈஆர்4எஸ்ஆர் வகைதான், ஒருவர் உபயோகித்துக் கொடுத்ததை, பாதி விலைக்கு. பாட்டுக் கேட்க அதைவிட இன்பமானவை இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். வாங்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றையும், இரைச்சலுக்கு நடுவே யாரோ பேசிய பதிவு ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். மூன்று அளவு முனைகளையும் மாட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து வலிக்கிறதா என்று கவனியுங்கள். விலைச்சீட்டைக் கடைசியாகத் திருப்புங்கள். உங்களுக்கு வேண்டியது சௌராசியாவின் குழலா, யாரோ ஒரு தகப்பனாரின் நெடிலா என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது.